தில்லியில் மூன்று நாள்: ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து தில்லிக்கு வரும் சொந்தக்காரர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ராஜ்காட், பிர்லா மந்திர், கூடவே ஆக்ரா. இதில் பாதியை ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லும் டூரிஸ்ட் பஸ்களும் ஓடுகின்றன. அவற்றில் ஏறினால் நாளின் பெரும்பகுதி பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு போட்டோ, அரை மணி நேரம், மறுபடியும் பஸ்.

நான் சொல்லும் வழி வேறு. தில்லி ஒரே இடத்தில் வளர்ந்த ஊர் கிடையாது. ஆட்சி மாறும்போதெல்லாம் பழைய தலைநகரை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். தெற்கே மெஹ்ரோலியில் சுல்தான்களின் தில்லி. வடக்கே யமுனைக் கரையில் ஷாஜஹானின் தில்லி. இரண்டுக்கும் நடுவே ஆங்கிலேயர் போட்ட புது தில்லி. ஒரு நாளுக்கு ஒரு தில்லி என்று வைத்துக்கொண்டு, பழையதிலிருந்து புதியதற்கு வந்தால் மூன்று நாளில் இந்த ஊர் பிடிபடும். காலும் அவ்வளவு வலிக்காது.

எப்போது வரலாம்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை வாருங்கள். குளிர் இதமாக இருக்கும், பூங்காக்கள் எல்லாம் பூத்திருக்கும், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டமும் வழக்கமாக இந்தச் சமயத்தில்தான் பொதுமக்களுக்குத் திறக்கிறது. அடுத்தபடியாக அக்டோபர் முதல் பாதி.

தீபாவளியை ஒட்டி அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் காற்று மிக மோசமாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் அந்தச் சமயத்தில் கூட்டி வரவே வேண்டாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்கள் ரத்தாகும். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாளைப் பனி விழுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை சுற்றிவிட்டு, பகலில் அறையில் படுத்து, மாலை ஐந்துக்கு மேல் மறுபடி கிளம்புங்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் 15க்கு முன்பு செங்கோட்டையைப் பல நாட்கள் மூடி வைப்பார்கள். ஜனவரி 26ஐ ஒட்டி இந்தியா கேட் பக்கம் கெடுபிடி அதிகம். ஊர் சுற்றிப் பார்க்க அந்த வாரங்கள் சரிப்படாது.

எந்தக் கிழமைகள்

டிக்கெட் போடும் முன் இதை முடிவு செய்யுங்கள். நிறையப் பேர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், காந்திஜி கடைசி நாட்களைக் கழித்த காந்தி ஸ்மிருதி எல்லாமே மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக் கடைகளில் பெரும்பாலானவை திறக்காது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜாமா மசூதியில் ஜும்ஆ தொழுகை. அதே வெள்ளிக்கிழமை ஆக்ராவில் தாஜ் மஹாலும் மூடல்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் நடுவில் அழகாக மூன்று நாட்கள் கிடைக்கின்றன: செவ்வாய், புதன், வியாழன். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உகந்த நாள், அன்று மாலை மலை மந்திர் போகலாம். வியாழன் மாலை நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல். நான் கீழே எழுதியிருப்பது இந்த வரிசைதான். வாரக் கடைசி மட்டும்தான் லீவு என்கிறவர்கள் வெள்ளிக்கிழமை புது தில்லி, சனிக்கிழமை பழைய தில்லி, ஞாயிற்றுக்கிழமை மெஹ்ரோலி என்று மாற்றிக்கொள்ளலாம்.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரவு கிளம்பினால் இரண்டு இரவுகள் கழிந்து காலையில் புது தில்லி ஸ்டேஷன். ஞாயிறு இரவு ஏறினால் செவ்வாய் காலை இங்கே இருப்பீர்கள், ஆனால் முதல் நாளைச் சற்றுத் தாமதமாகத்தான் தொடங்க முடியும். கன்னியாகுமரி, மதுரைப் பக்கத்தினருக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ். அது ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கு வரும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, அந்த நாளன்று காலையிலேயே போட்டுவிடுங்கள்.

விமானத்தில் வந்தால் மூன்றாம் டெர்மினலிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ சுமார் இருபது நிமிடத்தில் புது தில்லி ஸ்டேஷனில் இறக்கிவிடும். முதல் டெர்மினல் என்றால் மெஜந்தா லைன்.

தங்குவதற்கு என் முதல் தேர்வு கரோல் பாக். எல்லா விலையிலும் ஹோட்டல்கள் உண்டு, ப்ளூ லைன் மெட்ரோ பக்கத்திலேயே, தில்லித் தமிழர்கள் பல தலைமுறைகளாகப் புழங்கிய இடம் என்பதால் இட்லி தோசைக்கும் அலைய வேண்டாம். பஹாட்கஞ்ச் ரயிலடிக்கு எதிரே இருக்கிறது, மலிவு, ஆனால் சந்தடியும் தரகர் தொல்லையும் அதிகம். குடும்பத்தோடு வருபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தை ஒட்டிய மஹிபால்பூரில் அறை மலிவாகத் தெரியும். தினமும் ஊருக்குள் வந்து போகிற செலவையும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். குளிர்காலம் என்றால் புக் செய்வதற்கு முன்பே கீஸர் உண்டா, ரூம் ஹீட்டர் தருவார்களா என்று போனில் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குள் போக வர

மெட்ரோவை நம்புங்கள். 2002 டிசம்பரில் தொடங்கியது, இன்று இந்தக் கட்டுரையில் வரும் எல்லா இடத்துக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வந்ததும் ஸ்மார்ட் கார்டு ஒன்று வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டாம். வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். இதைக் கவனிக்காமல் ஆண்கள் ஏறினால் அபராதம் உண்டு. ராஜீவ் சௌக்கில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரையும் மாலை ஐந்தரைக்கு மேலும் கூட்டம் நெரியும். பெரியவர்களோடு அந்த நேரத்தில் அங்கே லைன் மாறாதீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து இடத்துக்கு ஆட்டோ. ஊபர், ஓலா, ராபிடோ மூன்றும் இங்கே நன்றாக ஓடுகின்றன. பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அதுவே நிம்மதி. தெருவில் ஆட்டோ பிடித்தால் "பையா, மீட்டர் சே சலியே" (அண்ணா, மீட்டர்படி போகலாம்) என்று சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு. இந்தி அவ்வளவாக வராது என்று தயங்க வேண்டாம். "கித்னா" (எவ்வளவு), "கஹாங்" (எங்கே), "பஸ்" (போதும்) மூன்றையும் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிடலாம்.

செவ்வாய்: மெஹ்ரோலி

மஞ்சள் லைனில் குதுப் மினார் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. காலை எட்டு மணிக்குள் உள்ளே இருந்தால் பள்ளிக்கூடப் பஸ்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரமாவது அமைதியாகக் கிடைக்கும். தொல்லியல் துறையின் டிக்கெட்டுகளை முந்தின இரவே ஆன்லைனில் எடுக்கலாம். இந்தியர்களுக்குத் தொகை சிறியது, 15 வயதுக்குக் கீழே இலவசம்.

மினாரின் உயரம் 72.5 மீட்டர். குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் மேல் மாடிகளைக் கட்டினார், 1368இல் இடி விழுந்த பிறகு ஃபிரோஸ் ஷா துக்ளக் சீர்செய்து உச்சியை மாற்றினார். மேல் இரண்டு மாடிகளில் வெள்ளைப் பளிங்கு தெரிகிறதே, அது அவர் கைவேலை. உள்ளே 379 படிகள். 1981இல் நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். அன்றிலிருந்து யாரையும் மேலே விடுவதில்லை.

மினாரைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். பக்கத்து மசூதியின் தூண்களிடம் போய் நில்லுங்கள். மணியும் சங்கிலியும் பூர்ண கும்பமும் செதுக்கிய கோயில் தூண்கள். 27 கோயில்களின் பொருட்களைக் கொண்டு கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. முற்றத்தின் நடுவே குப்தர் காலத்து இரும்புத் தூண், ஏழு மீட்டருக்கு மேல் உயரம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, 1600 ஆண்டு மழையிலும் அது துருப்பிடித்து அழியவில்லை.

அடுத்து அலாய் தர்வாஸா. சிவப்புக் கல்லும் பளிங்குமாக ஒரு நுழைவாயில். அலாவுதீன் கில்ஜி 1311இல் கட்டியது. அதே 1311இல்தான் அவருடைய தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை படையெடுத்து வந்து, யானைகளும் குதிரைகளும் பொன்னுமாகத் தில்லிக்குத் திரும்பினார். பாண்டிய நாட்டைச் சூறையாடிய ஆண்டும் இந்த வாயில் எழுந்த ஆண்டும் ஒன்று என்பது மதுரைக்காரர்களை அங்கே கொஞ்ச நேரம் நிற்க வைக்கும். வடக்குப் பக்கம் அலாய் மினார்: குதுப் மினாரைவிட இரண்டு மடங்கு உயரம் கட்ட நினைத்து, கில்ஜி இறந்ததால் முதல் மாடியோடு நின்றுபோன கற்குவியல்.

வெளியே வந்து பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. ஜமாலி கமாலி மசூதியும், பல அடுக்காகக் கீழே இறங்கும் ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும் இருக்கின்றன. மரமும் புதருமான இடம், இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் ஓய்வு. மாலையில் மெஜந்தா லைனில் வசந்த் விஹார் இறங்கினால் ஆர்.கே. புரம் ஏழாம் செக்டர் மலை மந்திர் பக்கம்தான். உத்தர சுவாமிமலை என்பது கோயிலின் பெயர், ஆனால் ஆட்டோக்காரரிடம் மலை மந்திர் என்று சொன்னால்தான் தெரியும். சிறு குன்றின் மேல் கருங்கல்லில் கட்டிய சுவாமிநாதன் சந்நிதி, 1973இல் குடமுழுக்கு நடந்தது. கீழே மீனாட்சி, சுந்தரேசுவரர், விநாயகர் சந்நிதிகள். காலையில் கில்ஜியின் வாயிலில் நின்றுவிட்டு மாலையில் இங்கே திருப்புகழ் கேட்டால் நாள் நிறைந்துவிடும். பக்கத்தில் ஐந்தாம் செக்டரில் தில்லித் தமிழ்ச் சங்கம். 1946இல் தொடங்கியது. சில மாலைகளில் நிகழ்ச்சி இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

புதன்: ஷாஜஹானாபாத்

வயலட் லைனில் லால் கிலா ஸ்டேஷன். செங்கோட்டை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். சோதனை கடுமையாக இருக்கும், பெரிய பை வேண்டாம்.

ஷாஜஹான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற முடிவெடுத்து 1639இல் தொடங்கி 1648இல் முடித்த அரண்மனை இது. லாஹோரி வாயிலில் நுழைந்ததும் கூரை வேய்ந்த கடைத்தெரு, அப்புறம் பொதுமக்களைச் சந்திக்கும் மண்டபமான திவானே ஆம், அதற்குப் பின்னால் பளிங்கில் முக்கியஸ்தர்களுக்கான திவானே காஸ். மயிலாசனம் இருந்த மண்டபம் இதுதான். 1739இல் நாதிர் ஷா அதைத் தூக்கிக்கொண்டு பாரசீகம் போய்விட்டார். அரண்மனையின் பெரும்பகுதியை 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துப் பட்டாளத்துக்கான கட்டடங்களைக் கட்டினார்கள். நடுவில் பொருந்தாமல் நிற்கும் அந்த உயரமான கட்டடங்கள் அவைதான்.

அவற்றில் நேதாஜியையும் இந்திய தேசிய ராணுவத்தையும் பற்றிய அருங்காட்சியகத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1945 கடைசியில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் ஆங்கிலேயர் ராணுவ விசாரணை நடத்தியது இந்தக் கோட்டைக்குள்தான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி ரெஜிமென்டை நடத்திய லட்சுமி சென்னையில் படித்தவர், பின்னாளில் பிரேம் சேகலை மணந்தவர். நம்மவர்கள் பலருக்கும் செங்கோட்டை என்றால் மொகலாயர் மட்டுமே ஞாபகம் வருகிறது. அந்த அறைகளில் முக்கால் மணி நேரம் செலவிட்டால் கோட்டையே வேறு மாதிரி தெரியும்.

கோட்டைக்கு நேர் எதிரே சாந்தினி சௌக். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா அமைத்த கடைவீதி. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளுக்கு இங்கே தடை என்பதால் நடந்தே போகலாம். முட்டி வலிக்காரர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா, ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள். மூலையில் ஜைனர்களின் லால் மந்திர், அதனுள்ளேயே பறவைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி. கொஞ்ச தூரத்தில் சீஸ் கஞ்ச் குருத்வாரா. குரு தேக் பகதூரை ஒளரங்கசீப் 1675இல் கொல்லச் செய்த இடம். செருப்பைக் கழற்றி, தலையில் துணி கட்டிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம், லங்கரில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. பராட்டே வாலி கலி வழியில்தான் இருக்கிறது. அங்கே பராத்தாவைக் கல்லில் சுடுவதில்லை, நெய்யில் பொரிக்கிறார்கள். இருவருக்கு ஒரு தட்டு வாங்கி ருசி பார்த்தால் போதும். வீதி முடியும் இடத்தில் ஃபதேபுரி மசூதி, அதைத் தாண்டினால் காரி பாவ்லி மசாலா சந்தை. மிளகாய் நெடியில் தும்மல் நிற்காது, கைக்குட்டை தயாராக இருக்கட்டும். உலர் திராட்சை, பாதாம், பெருங்காயம் ஊருக்கு வாங்கிப் போக இதைவிட நல்ல இடம் இல்லை.

ஜாமா மசூதிக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், நண்பகலுக்கும் பிற்பகல் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரம் வசதி. 1656இல் முடிந்தது, முற்றத்தில் 25,000 பேர் தொழலாம். கை கால் மூடிய உடை வேண்டும். கல் தரை மதியத்தில் சுடும், சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்குத் தெற்கு வாசலுக்கு எதிரே 1913இலிருந்து கரீம்ஸ். குளிர்காலமாக இருந்தால் சந்துகளில் தவ்லத் கி சாட் விற்பார்கள். பாலின் நுரையில் செய்த இனிப்பு, நாக்கில் வைத்ததும் கரையும், வெயில் காலத்தில் கிடைக்காது.

வியாழன்: புது தில்லியும் நிஜாமுதீனும்

பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பர் 12இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். கட்டடக் கலைஞர்கள் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் கட்டிய நகரம் 1931இல் திறக்கப்பட்டது. காலையில் இந்தியா கேட், அதை ஒட்டி 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகம். அதன் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறித்திருக்கின்றன. தமிழ்ப் பெயர்களைத் தேடி வாசியுங்கள், நிறையக் கண்ணில் படும். குடியரசுத் தலைவர் மாளிகையை உள்ளே பார்க்க ஆன்லைனில் முன்பே பதிவு செய்ய வேண்டும். கிடைத்தால் விடாதீர்கள். கவர்னர் ஜெனரலாக இங்கே வந்த ராஜாஜி, வைஸ்ராயின் ஆடம்பரமான படுக்கையறை வேண்டாம் என்று சிறிய பகுதிக்கு மாறிக்கொண்டார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியிலேயே தங்கினார்கள்.

பதிவு கிடைக்காவிட்டால் ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகம். பள்ளிப் புத்தகத்தில் பார்த்த மொஹஞ்சதாரோ நடன மங்கை இங்கேதான், நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் சொச்சம்தான் உயரம். சோழர் செப்புத் திருமேனிகளுக்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்தில் கிடைத்த நடராசர் சதுர தாண்டவத்தில் ஆடுகிறார், காலைத் தூக்காமல் இரண்டு முழங்காலும் மடங்கி நிற்கும் நிலை. சிதம்பரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது.

மதியச் சாப்பாட்டுக்கு அருகிலேயே அசோகா சாலை ஆந்திர பவன் கேண்டீன். சோறு, பருப்புப் பொடி, நெய், ரசம். இரண்டு நாள் ரொட்டிக்குப் பிறகு எல்லோர் முகமும் மலர்ந்துவிடும். ஒரு மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு. கன்னாட் பிளேஸில் சரவண பவனும் உண்டு.

மூன்று மணிக்கு ஹுமாயூன் கல்லறை. தில்லியில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகம் எழுப்பியது, 1570 வாக்கில் முடிந்தது, தாஜ் மஹாலுக்கு அறுபது எழுபது ஆண்டு மூத்தது. சாயும் வெயிலில் சிவப்புக் கல் நிறம் மாறுவதைத் தோட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே போகும் வழியில் வலப்பக்கம் ஈசா கான் கல்லறை, அதையும் பாருங்கள். 1857 செப்டம்பரில் கடைசி மொகலாயர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இந்த வளாகத்தில்தான்.

சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் பஸ்தி. தர்காவுக்குப் போகும் சந்து குறுகல். செருப்பை இங்கே விடு, பூ வாங்கு என்று கடைக்கு கடை கூப்பிடுவார்கள், நிற்காமல் தர்கா வாசல் வரை நடந்துவிடுங்கள். தலையை மூட வேண்டும், பெண்கள் சமாதி அறைக்குள் போக முடியாது, வெளியே நின்று வணங்கலாம். நன்கொடைப் புத்தகத்தை நீட்டினால் விருப்பமானதைக் கொடுங்கள், கட்டாயம் ஒன்றுமில்லை. நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் 1325இல் சில மாத இடைவெளியில் இறந்து, ஒரே முற்றத்தில் அடங்கியிருக்கிறார்கள். செவ்வாயன்று அலாய் தர்வாஸாவில் நினைத்துக்கொண்ட அந்த மதுரைப் படையெடுப்பைப் பாரசீகத்தில் விவரித்து எழுதிவைத்தவர் இந்தக் குஸ்ரோதான். மாலைத் தொழுகை முடிந்ததும் கவ்வாலி தொடங்கும். தரையில் இடம் பிடிக்க அரை மணி முன்பே போய்விடுங்கள்.

ஏமாறாமல் இருக்க

புது தில்லி ஸ்டேஷன் வாசலில் "உங்கள் வண்டி ரத்து", "உங்கள் ஹோட்டல் பக்கம் ரோடு மூடிவிட்டார்கள்" என்று அக்கறையாக வந்து சொல்கிறவர்களிடம் நிற்கவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் டிராவல் ஆபீஸுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய தொகைக்கு பேக்கேஜ் தலையில் கட்டிவிடுவார்கள். அரசு டூரிஸ்ட் ஆபீஸ் என்று போர்டு வைத்திருந்தாலும் நம்பாதீர்கள். வண்டி நிலவரத்தை உங்கள் போனிலேயே பாருங்கள். கூட்டமான இடத்தில் போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

ஆக்ராவும் திரும்பும் வழியும்

ஆக்ராவை இந்த மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள். நான்காவது நாள் இருந்தால் மட்டும் போங்கள். ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ், சுமார் 100 நிமிடம், மாலையில் அதே வண்டியில் திரும்பலாம். வெள்ளிக்கிழமை அது ஓடாது, தாஜும் மூடல் என்பதால் வியாழனுக்குப் பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டு சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளிக்கிழமை லோதி தோட்டத்தில் காலாற நடக்கலாம், ஜன்பத்தில் சால்வை வாங்கலாம்.

ஊர் திரும்பும் அன்று டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரை ஒரு முறை படித்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியிலிருந்து கிளம்புகிறது. சென்னை ராஜதானியும் திருக்குறளும் நிஜாமுதீனிலிருந்து. மாலை நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகும். புது தில்லி ஸ்டேஷனுக்கும் இரண்டு பக்கம் வாசல் உண்டு: மெட்ரோவில் வருகிறவர்களுக்கு அஜ்மேரி கேட் பக்கம், அங்கே 16ஆம் பிளாட்பாரம். பஹாட்கஞ்ச் பக்கம் இறங்கினால் ஒன்றாம் பிளாட்பாரம்.